ஒரே வளை, இரண்டு பேர்

மார்ச் 3, ஞாயிறு

ஈப்போவிலிருந்து மஞ்சள் கோபி மீன் வந்துவிட்டது. எங்கள் ஊர் சுங்கை சிப்பூட் வந்து சேரும்வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை. இதோடு ஒரே வளையில் குடியிருக்கப்போகிற இறால் இனிமேல்தான் வரவேண்டும். கடல்நீர்த் தொட்டி போன மாதமே தயார். பாறைகளைக் கண்ணாடித் தரையிலேயே ஊன்றி, அப்புறம்தான் மணல் கொட்டினேன். மணல் மேல் பாறையை வைத்தால், இறால் அடியில் தோண்டும்போது சரிந்து இரண்டையும் நசுக்கிவிடும். பொடி மணல் மட்டும் போதாது, உடைந்த பவளத்துண்டும் கலந்தால்தான் வளையின் கூரை நிற்கும். கோபி எகிறிக் குதிக்கிற மீன், அதனால் மேலே கொசுவலை.

மார்ச் 6, புதன்

உறைந்த மைசிஸ் (பொடி இறால் போன்ற தீனி) கொடுத்தேன், சாப்பிட்டது. நிம்மதி.

மார்ச் 10, ஞாயிறு

டைகர் பிஸ்டல் இறாலை விட்டேன். உடனே பாறைக்கடியில் மறைந்துவிட்டது. ராத்திரி ‘டிக், டிக்’ என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று அம்மா பயந்து எழுந்து வந்தார். பெரிய கொடுக்கைப் படாரென மூடும்போது தண்ணீரில் குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது.

மார்ச் 12, செவ்வாய்

சேர்ந்துவிட்டன! வேலை முடிந்து வந்து பார்த்தால் வளை வாசலில் கோபி காவல் நிற்கிறது. இறால் உள்ளேயிருந்து மணலை அள்ளி அள்ளி வெளியே தள்ளுகிறது. அதற்குக் கண்பார்வை மிகவும் மங்கல். வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசை கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கிறது. நான் கையை அசைத்தேன். கோபியின் வால் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான், இறால் உள்ளே போய்விட்டது. இன்னும் கிட்டே போனதும் கோபியும் தலைகீழாகப் பாய்ந்தது. இனிமேல் கையை ஆட்டக்கூடாது.

மார்ச் 16, சனி

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துப் பழக்கத்தில் இன்றும் நாலரைக்கே எழுந்துவிடுவார். “ராத்திரியில வாசல் மூடியிருக்குப்பா, விளக்கு எரிஞ்சப்புறம்தான் திறக்குது” என்றார். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இத்தனை பார்த்திருக்கிறார். விளக்கை டைமரில் போட்டதற்கு இப்போதுதான் அர்த்தம் வந்தது.

மார்ச் 21, வியாழன்

வெயில் தாங்கவில்லை, தொட்டியில் 30 பாகை. மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பிவிட்டேன், 27க்கு இறங்கியது. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பளவைக் காட்டும் அடர்த்தி 1.025 (நல்ல தண்ணீருக்கு 1).

மார்ச் 29, வெள்ளி

மூன்று நாளாக இறாலைக் காணோம். இன்று வளை வாசலில் கிடந்தது: கொடுக்கு, மீசை, கால் எல்லாம் அப்படியே. நெஞ்சு அடைத்துவிட்டது. இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அப்பா விளக்கடியில் குனிந்து பார்த்தார். “உள்ளே சதையே இல்லையே.” ஆமாம், கண்ணாடித்தாள் போல வெறும் கூடு. முதுகுப் பக்கம் பிளந்திருந்தது. சட்டை உரித்திருக்கிறது! புது ஓடு கெட்டியாகும்வரை வெளியே தலைகாட்டாது. கோபி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

காலை ஏழரை. அப்பா கூப்பிட்டு எழுப்பினார். கோபியின் வயிற்றை ஒட்டி முதலில் ஒரு மீசை வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே. அப்புறம் பளபளவென்று இறால், கொடுக்கில் ஒரு பவளத்துண்டு. அதை வாசலோரம் வைத்துவிட்டு, இன்னொன்று எடுக்க உள்ளே போனது.