மேசையில் விரித்த வங்கக் கடல்: எங்கள் வி.ஆர். வகுப்புச் செயற்றிட்டங்களைத் திட்டமிட்ட அனுபவம்

"மிஸ், அல வரக்குள்ள நாம கல்லடிக் கரையில நிக்கிற மாதிரிச் செய்வம். ஹெட்செட்டப் போட்டா நாலு பக்கமும் தண்ணி!"

வவுணதீவிலிருந்து வரும் பெடியன் இதைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் மேசையில் தட்டினார்கள். கடலோரப் பாண்டிருப்பிலிருந்து வரும் பிள்ளை மட்டும் தலையைத் தூக்காமல் கொப்பியில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். நான் "அடுத்த குழு" என்று சொல்லித் தப்பிவிட்டேன். 2004 சுனாமியின்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள், சிலர் பிறக்கவே இல்லாதவர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கடற்கரையோர நாவலடியில் ஒரு சின்னம்மா இருந்தா.

நான் மட்டக்களப்பில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தில் படிப்பிக்கிறேன். தரவுகளை மெய்நிகர் உலகில் (வி.ஆர்.) காட்சிப்படுத்துவது என்ற தெரிவுப் பாடத்தைச் சென்ற வருடம் முதல் தடவையாக எடுத்தோம். பன்னிரண்டு கிழமை, கிழமைக்கு ஒரு இரண்டு மணித்தியால வகுப்பு. பரீட்சை கிடையாது, செயற்றிட்டத்துக்கே முழுப் புள்ளியும். திட்டம் பிழைத்தால் பாடமே பிழைத்த மாதிரித்தான். வேறு இடங்களில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் சிலர் விசாரித்ததால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகள் பதினெட்டுப் பேர், ஹெட்செட் இரண்டு. மூவர் மூவராக ஆறு குழு. ஒரு குழுவின் வேலையை மற்றப் பதினைந்து பேரும் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆறு நிமிடம், கழற்றித் துடைத்து அடுத்தவருக்கு மாட்ட இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஒரு செயற்றிட்டத்துக்கு எட்டுச் சுற்று, அறுபத்து நாலு நிமிடம். ஆறு செயற்றிட்டத்துக்கும் ஆறரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அதாவது நாலு வகுப்பு, பாடத்தின் மூன்றில் ஒரு பங்கு! இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். நான் போட்டது மூன்றாம் கிழமை. அதற்குப் பிறகுதான் எல்லாத் திட்டத்தையும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்கினோம்: ஆறு நிமிடத்தில் ஒருவர் என்ன பார்க்கிறார், அதற்கு எட்டாம் கிழமை எது ஓட வேண்டும், அதற்கு நாலாம் கிழமை எது கையில் இருக்க வேண்டும் என்று.

முதல் இரண்டு கிழமையும் வீணாகப் போனது என் பிழையால். யூனிட்டி என்ற பெரிய மென்பொருளில் செய்வோம் என்று அறிவித்துவிட்டேன். பிள்ளைகளின் லப்டொப்பில் பாதிக்கு மேல் நினைவகம் காணாது, பல ஜிபி பதிவிறக்கத்துக்கு டேட்டா காசும் காணாது. ஒரு பிள்ளை ஏறாவூரில் மாமா வீட்டு இணைப்பில் இரவிரவாக இறக்கி, விடிய மின்வெட்டில் அது நின்றுபோய், காலையில் கண் சிவக்க வந்து நின்றாள். அன்றே, இணையப் பக்கத்திலேயே வி.ஆர். உலகம் கட்டும் ஏ-ஃப்ரேமுக்கு மாறினோம். உலாவியில் ஓடும், நிறுவ ஒன்றும் இல்லை, நாலு வரியில் ஒரு பெட்டி தெரியும். அதில் ஒரு அலகு என்றால் ஒரு மீற்றர். 'ஒரு மீற்றர் எவ்வளவு' என்று கையை விரித்துக் காட்டித் திட்டம் போட இது பெரிய வசதி.

அங்கேயும் ஒரு பொறி இருந்தது. லப்டொப்பில் எழுதியதை வைஃபை வழியே ஹெட்செட்டில் திறந்தால் பக்கம் வருகிறது, உள்ளே நுழையத்தான் முடியவில்லை. மூன்று குழுக்கள் தங்கள் நிரலில் பிழை தேடி மண்டையை உடைத்தார்கள். பிழை நிரலில் இல்லை. பாதுகாப்பான எச்ரிரிபிஎஸ் இணைப்பில் வராத பக்கத்துக்கு உலாவி வி.ஆர். வசதியையே கொடுக்காது. இப்போதெல்லாம் முதல் வகுப்பின் வேலையே இதுதான்: எந்தத் தரவும் வேண்டாம், வீட்டுக்குப் போகமுன் ஒரு சிவப்புப் பெட்டி ஹெட்செட்டுக்குள் தெரிய வேண்டும்.

இனி அந்த அலைக்கு வருகிறேன். தலைப்பைத் தடுக்க எனக்கு மனமில்லை, அப்படியே விடவும் முடியாது. திட்டப் படிவத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ஹெட்செட்டைக் கழற்றியதும் பார்த்தவர் என்ன சொல்ல வேண்டும்? வவுணதீவுப் பெடியன் எழுதியிருந்தது ஒரு வரி. "பயமா இருந்திச்சு எண்டு."

"அதுக்குத் தரவு என்னத்துக்கு மனே?" என்றேன். "முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆரையும் கேளு, ஹெட்செட் இல்லாமலே சொல்லுவாங்க."

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை. வாவிக்கு மேற்கே, அவனுடைய படுவான்கரைப் பக்கம் கடல் வரவில்லை, அவனுக்கு அது பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பாண்டிருப்புப் பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "மிஸ், பூமி நடுங்கி ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல போய்த்தான் எங்கட கரைக்கு வந்திரிக்கி. அவ்வளவு நேரமும் அது எங்க நிண்டது?"

செயற்றிட்டம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. அவள் தன் குழுவை விட்டு அந்தக் குழுவுக்கு மாறினாள். கரை வேண்டாம், வீடுகள் வேண்டாம், ஆட்கள் வேண்டாம் என்று எல்லாரும் தாங்களே முடிவெடுத்தார்கள். சுமாத்திராவிலிருந்து இலங்கை வரை கடலை இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசையில் விரித்து, சுற்றி நடந்து பார்ப்பது. நேரத்தை முன்பின் நகர்த்த ஒரு பிடி. திட்டம் ஒரு பக்கத்தில் அடங்கியது.

வி.ஆர். இதற்குத் தேவையா என்று நான் இரண்டாம் தடவையும் கேட்டேன். அவர்களிடம் பதில் இருந்தது. சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்: புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 200 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையோரம் 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 தான், மோட்டார் சைக்கிளே முந்திவிடும். ஆழம் தெரியாமல் அலை புரியாது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஆழம் தெரியும். சரி என்றேன்.

ஆழத் தரவு உலகக் கடல்களின் ஆழ வரைபடமான ஜெப்கோவிலிருந்து, இலவசம்தான். புள்ளிக்குப் புள்ளி அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பரப்பு முழுவதற்கும் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஹெட்செட் செக்கனுக்கு 72 தடவையாவது படத்தை வரைய வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவருக்குத் தலைசுத்தும். இரண்டு பக்கமும் பத்துக்கு ஒன்றாகக் குறைத்த பிறகுதான் அசைந்தது.

மறுகா அவர்களை அதிர வைத்தது அளவுத்திட்டம். நில நடுக்கத்தின் மையத்திலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். மேசை இரண்டு மீற்றர். அந்த விகிதத்தில் நாலு கிலோமீற்றர் ஆழக் கடல் வெறும் ஐந்து மில்லிமீற்றர். வவுணதீவுப் பெடியன் ஹெட்செட்டோடு முழங்காலில் நின்று மேசையைத் தடவினான். "என்னகா இது, கடல் அட்டை மாதிரி இரிக்கி!" நிலைக்குத்தாக முப்பது மடங்கு பெருப்பித்தால்தான் பதினைந்து சென்ரிமீற்றர் வந்து கண்ணுக்குப் புலப்பட்டது. அப்படிச் செய்வது பொய்யா என்று ஒரு முழு வகுப்பும் சண்டை பிடித்தார்கள். நான் குறுக்கே போகவில்லை, அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இரண்டு மணித்தியாலம் அதுதான். கடைசியில் மேசை விளிம்பில் 'ஆழம் 30 மடங்கு' என்று எழுதி, பொத்தானை அழுத்தினால் உண்மை அளவுக்கு அமுங்கும்படி வைத்தார்கள். பார்த்தவர்கள் அதிகம் பேசியது அந்தப் பொத்தானைப் பற்றித்தான்.

முதல் வடிவத்தில் அலை, குளத்தில் போட்ட கல்லைப்போல ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விரிந்தது. பிழை. அன்று பிளந்தது சுமாத்திராவின் வடமேற்கிலிருந்து நிக்கோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஒரு கோடு. கோடு வடக்குத் தெற்காகக் கிடந்தபடியால் அலையின் பலம் கிழக்கிலும் மேற்கிலும் போனது, மேற்கே நாங்கள். இரண்டாம் வருடத்தில் படித்த, மிகக் குறுகிய வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா வழிமுறையை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆழத்துக்கு ஏற்ற வேகம் கொடுத்து, கோடு முழுவதிலிருந்தும் அலையை ஓடவிட்டார்கள். அது தீவைச் சுற்றி வளைந்து தென்மேற்குக் கரைக்கும் போனது. 'கிழக்கிலிருந்து வந்த கடல் காலியை எப்படி அடித்தது' என்று சின்ன வயதில் நான் கேட்ட கேள்விக்கு, மேசையைச் சுற்றிக் கிறுகி நின்று பதில் பார்த்தேன்.

எட்டாம் கிழமை ஒரு சிக்கல். பாண்டிருப்புப் பிள்ளையின் தாய் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே எங்கள் அலை கரைக்கு வந்துவிட்டது. ஆழத்தைப் பார்த்தோம், வேகத்தைப் பார்த்தோம், ஒன்றும் பிழையில்லை. தாய்க்கு நினைவு தடுமாறியிருக்கும் என்று பெடியன் மெதுவாகச் சொன்னான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு அக்கா இருந்தவ மிஸ். அம்மாக்கு அந்த நேரம் பிழைக்காது."

பிழைத்தது நாங்கள்தான். நடுக்கம் உலக நேரப்படி 00:58 க்கு. அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டியிருந்தார்கள். ஆனால் 2004 இல் இலங்கை ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது, ஐந்தரைக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். வீட்டு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியது எனக்கே நினைவிருக்கிறது, ஆனாலும் மூளைக்கு எட்டவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய ஐந்தரையையே வைத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, ஒரே காலையை இரண்டு மணிக்கூடு இரண்டு விதமாகக் காட்டிய காலம். இந்த வருடப் படிவத்தில் 'தரவின் நேரம் எந்த வலயம், எந்த வருடத்து வலயம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மற்றக் குழுக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பின் தரையுயரத்தை வைத்து வெள்ளம் காட்ட நினைத்த குழு, 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ராடாரால் அளந்த எஸ்ஆர்ரிஎம் தரவை எடுத்தது. கரையோரம் நீளத்துக்கு ஒரு மேடு! வாவியைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் மேடாவது ஒன்றாவது, தென்னந்தோப்பு. அந்த ராடார் மர உச்சியையும் கூரையையும் சேர்த்துத்தான் அளக்கிறது. குடும்பிமலைக்கு அந்தத் தரவு போதும், ஆளுயர வித்தியாசத்தில் வெள்ளாமை மூழ்குவதும் தப்புவதுமான வயல் வட்டைகளுக்குப் போதாது. தரவை நம்பமுன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க ஒரு நாள் ஒதுக்காத திட்டத்தை இப்போது நான் ஏற்பதில்லை.

மழைவீழ்ச்சிக் குழு 1981 இலிருந்து கிடைக்கும் சேர்ப்ஸ் என்ற மழைத் தரவை ஒரு சுருள் படிக்கட்டாகக் கட்டியது. அழகோ அழகு. ஆனால் 'எந்த வருடக் கார்த்திகையில் மழை கூட' என்று கேட்டால் கடதாசியில் கீறிய சாதாரண வரைபடம் வைத்திருந்தவர்கள் முந்திச் சொன்னார்கள். ஒரே அச்சில் நிலையை ஒப்பிடுவதுபோல் கனவளவைக் கண் துல்லியமாக ஒப்பிடாது என்று கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளிவிபர ஆய்வாளர்கள் 1984 இலேயே காட்டிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தங்கள் திட்டத்திலேயே எழுதி, தோற்றதையும் மறைக்காமல் சொன்னபடியால் அவர்களுக்கு நல்ல புள்ளி கொடுத்தேன். மற்ற மூன்றில் ஒன்று அரைகுறை, இரண்டு பரவாயில்லை.

காட்டும் நாட்களுக்கும் திட்டம் வேண்டும். எங்களுக்கு வெக்கையான கச்சான் காற்று மாதம் வாய்த்தது. வியர்வையில் வில்லை மங்கும், ஆளுக்கு ஒரு துணி வேண்டும். பர்தா அணியும் பிள்ளைகளும் கொண்டை போடும் பிள்ளைகளும் பட்டியை எப்படி மாட்டுவது என்பதை முதல் நாளே பெண் பிள்ளைகள் தனியாக ஒத்திகை பார்த்தார்கள். மின்சாரம் போனால் ஹெட்செட் மின்கலத்தில் ஓடும், ஆனால் அறை இருட்டினால் அதன் கமராக்களுக்கு இடம் தெரியாமல் உலகமே வழுக்கிப் போகும். ஜன்னலைத் திறந்தோம். ஆனால் வெயில் வில்லைக்குள் விழக்கூடாது, திரை கருகிவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரம் என்பதை மறந்து முதல் அட்டவணை போட்டதும் நான்தான்.

கடைசி நாள் பாண்டிருப்புப் பிள்ளை தாயைக் கூட்டி வந்திருந்தாள். என்னிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தாள், தாய்க்கும் எல்லாம் விளக்கியிருந்தாள். தாய் கனநேரம் ஹெட்செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. போட்டதும் மகள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழரைக்கு வைங்க" என்றா. "அந்த நேரம்தான் அவ எழும்பித் தேத்தண்ணி கேட்டவ."

மகள் நேரப் பிடியை நகர்த்தினாள். அலைக் கோடு மேசையின் அந்தப் பக்கத்தில், கிழக்கே வெகு தொலைவில் நின்றது. தாய் எங்கள் கரையிலிருந்து அதுவரை கையால் சாண் சாணாக அளந்தா. இரண்டாம் தடவையும் அளந்தா.

ஆறு நிமிட மணி என் கையில் இருந்தது. அதை அடிக்கவில்லை. வரிசையில் அடுத்ததாக வவுணதீவுப் பெடியன்தான் நின்றான், அவனும் கேட்கவில்லை. அன்று இரண்டு பேருக்கு நேரம் காணாமல் போய், திங்கட்கிழமை வந்து பார்த்தார்கள்.