குசினிக்கு எக்சோஸ்ட் ஃபேன் பூட்டிய கதை

எங்கள் குசினியில் இரண்டு அடுப்பு. ஒரு மூலையில் காஸ், எதிர்மூலையில் புகைபோக்கி வைத்த விறகடுப்பு. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை, மழை மாதங்களில் விறகடுப்பில்தான் குளிர் காய்வோம். அத்தை விடிகாலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் மூட்டுவார். ஆனால் பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் சோற்று ஆவியும் போக வழியில்லாமல் சுவரெல்லாம் பூஞ்சணம். கடைசியில் எட்டு அங்குல ஃபேன் ஒன்று வாங்கினோம்.

மேசன் வந்து மேற்குச் சுவரில் கோடு போட்டார். வயரிங் அண்ணன் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "தங்கச்சி, மே மாசம் பிறந்தா காத்தும் மழையும் அந்தப் பக்கமிருந்துதானே அடிக்கும்? ஃபேன் வெளியே தள்ளுறதை காத்து உள்ளே தள்ளும்" என்றார். சரி என்று கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். காஸ் அடுப்புக்கு நேர்மேலே வைக்கவும் அவர் விடவில்லை. சூட்டில் பிளாஸ்டிக் வளையும், எண்ணெய் நேராக மோட்டாரில் ஏறும் என்றார். இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்கு மேலே, அதாவது ஏழரை அடி தாண்டி இருக்க வேண்டும் என்பதால் கூரைக்குக் கிட்டேதான் இடம் கிடைத்தது. துளையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்துப் பூசச் சொன்னோம். அப்படிச் செய்ததால் சாரல் தண்ணீர் உள்ளே வடிவதில்லை.

கரண்ட் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். பல்ப் வயரிலேயே ஒட்டுப்போட்டு டேப் சுற்றிவிடலாம் என்றேன். அவர் மறுத்துவிட்டார். ஆவி நிற்கிற இடத்தில் டேப் சுற்றிய மூட்டு கொஞ்ச நாளில் இளகிவிடுமாம். தனி சுவிட்ச் வைத்து, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்திவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் இணைத்தார். வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை என்னையே அழுத்தச் சொன்னார். பட்டென்று விழுந்தது. விழாவிட்டால் அந்த வீட்டில் எந்த வயரையும் நம்பக்கூடாது என்றார். இப்போது மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஃபேன் பூட்டி நாலாம் நாள் நல்ல மழை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். விறகடுப்பில் தணல் கிடந்தது, நான் காஸில் மீன் பொரித்துக்கொண்டு ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குசினி முழுக்க விறகுப் புகை. விறகு ஈரம் என்று நினைத்து ஃபேனை நிறுத்தாமல் விட்டேன். அத்தை தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று எழுந்து இஸ்தோப்புக்கு, அதாவது முன் விறாந்தைக்குப் போய்விட்டார். அப்போதுதான் கவனித்தேன், புகைபோக்கியிலிருந்து புகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளினால் அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லாம் சாத்தியிருக்கும் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய ஓட்டை புகைபோக்கிதான். அதன் வழியாகக் காற்றை இழுக்கும்போது அடுப்பின் புகையும் கூடவே வரும். புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தணலில் இருந்து வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயு தெரியாது, மணக்கவும் மணக்காது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி ஆளையே கொன்றுவிடும். பெட்டியில் வந்த தாளை அன்றிரவு எடுத்துப் படித்தேன். திறந்த அடுப்பின் புகை அறைக்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அதில் எழுதித்தான் இருந்தது. முதல் நாளே படித்திருக்க வேண்டும்.

மறுநாள் வயரிங் அண்ணன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, அணைந்திருந்த விறகடுப்பின் வாயில் பிடித்தார். எல்லாவற்றையும் சாத்தி ஃபேனைப் போட்டால் பத்திப் புகை குசினிக்குள் வளைந்தது. ஃபேனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலை முழுக்கத் திறந்ததும் நேராக மேலே ஏறியது. பாதி திறந்தபோது அங்கும் இங்கும் ஆடியது. அன்றைக்கே முடிவு செய்தோம்: விறகடுப்பில் நெருப்போ தணலோ இருந்தால் ஃபேன் போடுவதில்லை. காஸில் மட்டும் சமைக்கும்போதும் எதிர் ஜன்னலை முழுக்கத் திறந்த பிறகுதான் சுவிட்ச். ஒரே குசினியில் இரண்டு அடுப்பும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஊதுபத்திச் சோதனையைச் செய்து பாருங்கள்.

காஸ் மணம் வந்தால் ஃபேனைத் தொடவே கூடாது. சுவிட்சில் தெறிக்கும் பொறியே போதும். அதோடு சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், மேலே இருக்கும் ஃபேனுக்கு எட்டாது. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் வெடிப்புச் செய்திகள் வந்த நாட்களிலிருந்து எங்கள் வீட்டில் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவதுதான் பழக்கம்.

நாலு மாதம் போனதும் ஃபேன் உறுமத் தொடங்கியது, சுற்றுவதும் மந்தம். மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றினோம். இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி எங்கள் ஃபேனில் வலப்பக்கம் திருப்பினால்தான் கழன்றது. தெரியாமல் தம்பி மறுபக்கம் முறுக்கி உடைக்கப் பார்த்தான். எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. இறக்கையை வெந்நீரிலும் பாத்திரச் சோப்பிலும் ஊறவைத்தோம், மோட்டாரை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தோம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கும் கெடும், நெருப்புக்கும் ஆகாது. இங்கே மூடுபனியில் எதுவும் சீக்கிரம் காயாதே, ஒரு நாள் முழுக்க வைத்துத்தான் திரும்பப் பூட்டினோம். சுற்றாமல் உறுமிக்கொண்டே இருந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள், மோட்டார் சூடேறி எரிந்துவிடும்.

அத்தைக்கு ஜன்னல் திறப்பது இன்னும் குளிர்தான். அதனால் அவருக்கு அடுப்பு மூலையிலேயே பலகையைப் போட்டு, காஸ் சமையலைத் தணல் ஆறிய பிறகு பத்து மணிக்குத் தள்ளிவிட்டேன்.