வெள்ளவத்தை மண்டபத்தை ஸ்கார்பரோவில் இருந்து பார்ப்பவர்கள்

ஆடி கழிந்து ஆவணி பிறக்க முன்னமே கொழும்பு வெள்ளவத்தைக் கல்யாண மண்டபங்களுக்குக் கனடா ஸ்கார்பரோ, லண்டன் ஹரோ, சூரிச் என்று வெளிநாட்டு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். முதலில் வாடகையை விசாரிப்பார்கள். அடுத்ததை மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: "அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது... எத்தனை படி ஏறவேணும்?" அதற்குப் பிறகு டொய்லெட் பற்றி.

கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். கொஞ்சக் காலமாகக் கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் 360 பாகைப் படங்களும் எடுக்கிறேன். போனில் விரலால் தள்ளித் தள்ளி உள்ளே சுற்றிப் பார்க்கலாமே, அதுதான். எந்த முதலாளியும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இதைப் போட்டால் கூகுளில நாங்கள் மேல வருவமோ?"

இதை மட்டும் போட்டால் வரமாட்டீர்கள் என்று நேரே சொல்லிவிடுவேன். உள்ளூர்த் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர்பெற்ற இடம். காசு கொடுத்து அந்த வரிசையில் மேலே போக முடியாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். உங்களைத் தேடிக் கண்டுபிடித்த ஆள் பக்கத்து மண்டபத்துக்குத் தாவாமல் பிடித்து வைப்பதுதான் இந்தப் படத்தின் வேலை. அதற்கு அந்த ஆள் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளுக்குப் பதில் படத்துக்குள் இருக்கவேண்டும்.

முதலாளிமாருக்கோ மணவறையும் தொங்குவிளக்கும் வந்தால் போதும். நான் கேற்றில் இருந்து தொடங்குவேன். ஒரு மண்டபத்துக்கு முகப்பு காலி வீதியில், வாகனம் விடுகிற வழி மரைன் டிரைவ் பக்கத்து ஒழுங்கையில். கூகுள் மெப்பில் குறி முகப்பில் கிடந்ததால், வாடகைக் கார்கள் எல்லாம் நெரிசலுக்குள் போய் நின்று, காஞ்சிபுரத்தோடு மாமிமாரை நடுவெயிலில் இறக்கிக்கொண்டிருந்தன. முதலில் அந்தக் குறியைச் சரிசெய்தோம். கமெராவைப் பிறகுதான் எடுத்தேன். ஒழுங்கை வாசல், படிகள், கதவு திறந்தபடி லிஃப்ட் (சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்பது அப்போதுதான் தெரியும்), சாப்பாட்டு மண்டபம், கை கழுவுகிற இடம், டொய்லெட். மணவறை கடைசியில்.

எடுக்கிற அன்று மின்விசிறிகளை நிறுத்தச் சொல்வேன், சுற்றினால் படத்தில் பேய் மாதிரித் தெரியும். சித்திரை வெயிலில் ஊழியர்கள் என்னைச் சபிப்பது காதில் விழும். இந்தக் கமெராவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அகன்ற லென்ஸ்கள். இரண்டு படமும் ஒட்டுகிற கோட்டில் எதையும் கிட்டே வைக்கக்கூடாது. குத்துவிளக்கு அங்கே நின்றால் ஐந்து முகம் ஆறரை முகமாகிவிடும். உயரம் ஆள் கண்மட்டம். அதற்கு மேலே போனால் ஏணியில் நின்று பார்ப்பது போலிருக்கும். எல்லாம் சரிசெய்துவிட்டு நானும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனில் அழுத்துவேன். நாற்பதைக் கடந்த மனிதன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள்.

தெருக்களை இதே மாதிரிச் சுற்றிப் பார்க்க வைக்கிற கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2016இல் இலங்கைக்கு வந்தது. அது தெருவோடு நின்றுவிடும், கடைக்குள் நாங்கள்தான் போகவேண்டும். முன்பு அதற்கென்றே இருந்த செயலியைக் கூகுள் 2023 மார்ச்சில் மூடிவிட்டது. இப்போது தனிப்படங்களைக் கூகுள் மெப்ஸ் வழியாகவே கடையின் கூகுள் பக்கத்தில் ஏற்றலாம். நடந்து போகிற மாதிரி வேண்டுமென்றால் 360 பாகை வீடியோ எடுத்து ஸ்ட்ரீட் வியூ ஸ்டூடியோவில் போடவேண்டும். மெட்டர்போர்ட் என்கிற வேறொரு நிறுவனத்தின் சேவையில் போட்டால் இன்னும் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் டொலர் சந்தா. 2022இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியதைப் பார்த்த முதலாளிமாருக்கு அந்தச் சொல்லே கசக்கும். சிறிய கடைக்குக் கூகுளில் இலவசமாகப் போடுவதே தாராளம் என்பது என் எண்ணம்.

சொந்த இணையத்தளத்தில் போடுவதென்றால், பக்கம் திறந்தவுடன் தானாக ஓடவிடாதீர்கள். ஒரு சாதாரணப் படத்தைப் போட்டு, தொட்டால் திறக்கும்படி வையுங்கள். டேட்டா கரைந்தால் சனம் மூடிவிட்டுப் போய்விடும். இணைப்பை வாட்ஸ்அப்பில் தயாராக வைத்திருந்து, விலை கேட்கிறவருக்கு விலையோடு சேர்த்து அனுப்புங்கள்.

செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே மறுத்தார். "கள்ளனுக்கு நானே வழி காட்டுறதோ?" அவர் பக்கம் நியாயம்தான். லொக்கர் எங்கே, சிசிடிவி எங்கே, பின்கதவு எங்கே என்று ஊருக்கே வரைபடம் கொடுக்கத் தேவையில்லை. அவர் கடைக்கு வாசலையும் வாடிக்கையாளர் உட்காருகிற இடத்தையும் சாதாரணப் படமாக எடுத்துக் கொடுத்தேன். மகளோடு தாலி பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும்.

அடுத்த வேலை பம்பலப்பிட்டியில் ஒரு லொட்ஜ். முதலாளி வரவேற்பறைக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் குளியலறையில் இருந்துதான் தொடங்கப்போகிறேன் என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.