உழவு சால்களுக்குள் ஒரு நகரம்: மெத்தபோந்தோ நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

இரவு முழுக்க மழை. விடிந்ததும் வயல் கழுவிவிட்டாற்போல் கிடந்தது. தோண்டாமல், வயலில் நடந்து மேலே கிடக்கும் பழைய ஓட்டுச் சில்லுகளைத் தேடும் மேற்பரப்பு ஆய்வுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. உழுது புரட்டிய மண், அதன்மேல் ஒரு மழை, பிறகு மூட்டமான வானம். வெயில் ஏறிவிட்டால் ஓட்டுச் சில்லும் மண்கட்டியும் ஒரே நிறமாகிவிடும்.

இது தென் இத்தாலியின் பசிலிக்காத்தா, தாரந்தோ வளைகுடாவின் கரை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் அகாயா பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் இங்கே மெத்தபோந்தியோன் என்ற நகரை, இன்றைய மெத்தபோந்தோவை, எழுப்பினார்கள். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தாவோலே பலாத்தீனேயில் இறங்கி, ஹீரா கோயிலில் இன்னும் நிற்கிற 15 தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்களுக்கு வேலை அங்கே இல்லை. பிரதானோ, பாசென்தோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கிற வயல்களில்.

நகரைச் சுற்றி அதற்குச் சோறு போட்ட நிலப்பகுதியைக் கிரேக்கர்கள் ‘கோரா’ என்றார்கள். ஆறு பேர் பத்து மீட்டர் இடைவெளி விட்டு, குனிந்த தலை நிமிராமல் அந்தக் கோராவில் நடக்கிறோம். கண்ணில் பட்டதை எண்ணுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய ஓடுகளை மட்டும் பைக்குள் போடுகிறோம். முதல் நாளிலேயே இடுப்பு விட்டுப்போனது. கிடைத்தது பதினோரு ஓடுகள்.

நவம்பர் 4, செவ்வாய்

மாலையில் வான்வழிப் படங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படங்கள். தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. மேலிருந்து பார்த்தால், ஒன்றுக்கொன்று இணையாகக் கருங்கோடுகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 210 மீட்டர். பாசென்தோவைத் தாண்டி கவோனே ஆறு வரைக்கும் இன்னொரு கோட்டுத் தொகுதி, திசை மட்டும் சற்றே மாறி. நிலத்தை யாரோ கயிறு பிடித்து அளந்திருக்கிறார்கள்.

இந்தக் கோடுகளை 1959இல் ஷ்மீட், ஷெவாலியே என்ற இருவர் வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1964இல் பசிலிக்காத்தாவின் தொல்லியல் பொறுப்பை ஏற்ற தினு அதமெஸ்தியானு, ருமேனியாவில் பிறந்தவர், வான்படங்களை வாசிப்பதில் கைதேர்ந்தவர். கோயிலையும் அரங்கையும் மட்டும் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில் வயலையும் பாருங்கள் என்று வழிகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1974 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கார்ட்டர் இங்கே பல பத்தாண்டுகள் உழைத்தார். பண்ணை வீடுகள், இடுகாடுகள், ஊற்றோரத்துக் கோயில்கள் என்று கோரா முழுக்க ஆட்கள் வாழ்ந்த தடம் வெளிவந்தது அப்படித்தான்.

கோடுகள் எதற்கு? பங்கு பிரிக்க மட்டும் என்று நான் நம்பவில்லை. இது தாழ்ந்த நிலம், தண்ணீர் தேங்கும். வடிகால் வெட்டாமல் இங்கே பயிர் செய்ய முடியாது. வரப்பும் வாய்க்காலும் வழியும் ஒன்றாகவே கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் வியப்பில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று கிடைத்தது!

காலை பத்து மணி இருக்கும். என் வரிசையில் ஓடுகள் திடீரென்று அடர்ந்தன. பத்தடிக்கு ஒன்று என்றிருந்தது காலடிக்கு நான்கு என்றானது. பெரும்பாலும் தடித்த கூரை ஓட்டின் உடைசல். நடுநடுவே கருமெருகுக் கிண்ணத்தின் விளிம்பு, புகையேறிய சமையல் பானையின் துண்டு, எண்ணெயோ மதுவோ வைத்த சாடியின் காது. நீளத்தில் முப்பது தப்படி, அகலத்தில் இருபது. அதைத் தாண்டினால் மறுபடி வெறும் மண்.

ஒரு வீடு. சுவர் பச்சைச் செங்கல்லாக இருந்திருக்கும், அது கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. மிஞ்சியது கூரைதான்.

அந்தப் பரவலின் ஓரத்தில் ஒரு தறி எடை கிடைத்தது. உச்சி வெட்டிய கூம்பு, மேலே ஒரு துளை. பாவு நூல் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க நெசவுத் தறியில் கட்டித் தொங்கவிடுவது. துளையின் உள்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. எத்தனை வருட நூல் உராய்ந்ததோ. இப்படிப்பட்ட இடங்களெல்லாம் அறுவடைக்கு மட்டும் வந்து தங்கிய குடிசைகள், குடும்பங்கள் நகரத்துக்குள்தான் இருந்தன என்று வாதிடுபவர்கள் உண்டு. சில இடங்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் தறியைத் தூக்கிக்கொண்டு யாரும் அறுவடைக்குப் போவதில்லை.

மதியம் நிலத்துக்காரர் வந்தார். எழுபது தாண்டியவர். 1950இல் வந்த நிலச் சீர்திருத்தத்தில் பெரும் பண்ணைகளைப் பிரித்தபோது அவருடைய அப்பாவுக்குக் கிடைத்த வயல் இது. “மகளே, அப்பா காலத்தில் முழு ஓடே வரும். கலப்பை ஆழமாகப் போகப்போகத் துண்டாகிவிட்டது” என்றார். தறி எடையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோதுமை விதைக்கப்போகிறேன், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். எட்டு நாள்.

நவம்பர் 8, சனி

ஓய்வு நாள். ஹெராக்லியா பட்டயங்களின் வாசகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மெத்தபோந்தியோனுக்குத் தெற்கே, இன்றைய பொலிகோரோவில் இருந்த கிரேக்க நகரம் ஹெராக்லியா. 1732இல் கவோனே ஆற்றுப் பக்கம் இரண்டு வெண்கலப் பட்டயங்கள் கிடைத்தன. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது.

தியோனிசோசுக்கும் அத்தீனாவுக்கும் சொந்தமான கோயில் நிலத்தைத் தனியார் ஆக்கிரமித்துவிட்டார்கள். நகரம் வழக்குப் போட்டு மீட்டு, அளந்து, எல்லைக்கல் நட்டு, குத்தகைக்கு விட்டது. குத்தகையை வாற்கோதுமையாக அளக்க வேண்டும். ஒலிவ மரமும் திராட்சையும் குறித்த அளவுக்கு நட வேண்டும், நடாமல் விட்டால் ஒலிவ மரம் ஒன்றுக்குப் பத்து வெள்ளி நாணயம் அபராதம். குத்தகைதாரர் கட்டவேண்டிய மாட்டுக் கொட்டகைக்குக் கூட அளவு உண்டு: நீளம் 22 அடி, அகலம் 18 அடி. வைக்கோல் கொட்டகை 18க்கு 15. வியாழக்கிழமை நான் தப்படியால் அளந்த ஓட்டுப் பரவலுக்குள் இந்தக் கொட்டகைகளை வைத்துப் பார்த்தேன். வீட்டோடு சேர்ந்து நன்றாகவே அடங்குகின்றன.

நிலத்தை அளந்த ஐவரின் பெயர்களும் பட்டயத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னம்: முக்காலி, கேடயம், திரிசூலம் என்று. கேடயத்துக்காரர் பெயர் தாசிமோஸ், பிரோசின் மகன். தாசிமோஸ் என்பது கிரேக்கப் பெயரே அல்ல, அக்கம்பக்கத்து இத்தாலிய மண்ணின் மெசாப்பியப் பெயர். வந்தேறிகள், பூர்வகுடிகள் என்று நாம் வரைபடத்தில் இரண்டு வண்ணம் அடித்துவிடுகிறோம். கோயில் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டவரோ அப்பன் பெயர் கிரேக்கத்தில், தன் பெயர் மெசாப்பியத்தில். என் ஆய்வேட்டில் இவரை எங்கே வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்று என் தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பைகளில் அந்தக் கட்டத்தின் எண்ணை எழுதுகிறோம். வியாழக்கிழமைப் பைகளில் இரண்டுக்கு ஒரே கட்ட எண்ணைப் போட்டுவிட்டேன். கழுவும்போதுதான் தெரிந்தது. எந்தப் பை வீட்டுப் பரவலின் நடுவிலிருந்து, எந்தப் பை ஓரத்திலிருந்து என்று சொல்ல வழியில்லை. எங்கே கிடந்தது என்று தெரியாத ஓடு வெறும் ஓடுதான், அதற்கு வாய் கிடையாது. இரண்டு பைகளையும் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, மதியம் வயலுக்குத் திரும்பி அந்த இரண்டு கட்டங்களையும் முதலிலிருந்து நடந்தேன். மேலே கிடந்தவற்றை முதல் முறையே பொறுக்கிவிட்டதால் கிடைத்தது பாதிகூட இல்லை.

நவம்பர் 12, புதன்

மழை. பந்தனெல்லோவுக்குப் போய்வந்தோம். பெயரின் பொருளே சிறு சதுப்பு என்பதுதான். ஊற்றருகே ஒரு கிரேக்கக் கோயில் இருந்தது. ஈரச்சேற்றில் புதைந்ததால் ஒலிவக் கொட்டையும் திராட்சை விதையும் தானியமும் அழுகாமல் நமக்குக் கிடைத்தன. பக்கத்தில் இடுகாடு, 1980களில் 300க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தார்கள். அவை பழைய சாலை ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன, அந்தச் சாலையோ வான்படக் கோடுகளின் ஒழுங்கிலேயே சென்றது. உழுத நிலத்தின் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

இந்த நகரம் தன் வெள்ளிக்காசில் வாற்கோதுமைக் கதிரைப் பொறித்தது. விளைச்சலில் கொழித்து டெல்பிக்குப் பொன்னால் ஆன அறுவடையையே காணிக்கையாக அனுப்பினார்கள் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பந்தனெல்லோவில் புதைத்தவர்களின் பற்களை ஆராய்ந்தபோது பலருடைய எனாமலில் குறுக்குக் கோடுகள் தென்பட்டன. பிள்ளைப் பருவத்தில் பசியோ நோயோ தாக்கி வளர்ச்சி நின்று போனால் பல்லில் விழுகிற கோடு அது. இதே சமவெளியில் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் மலேரியா ஆட்களைக் கொன்றது. கதிர் பொறித்த காசை அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் அந்தப் பல்லையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே கண்ணாடிப் பெட்டியில், பக்கம் பக்கமாக.

நவம்பர் 14, வெள்ளி

ஏழு மணிக்கே விதைப்புக் கருவி வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தை நேற்று இருட்டும் வேளையில்தான் முடித்தோம். மொத்தம் 1,346 கூரை ஓட்டுத் துண்டுகளை எண்ணினோம், பைகளில் 212 பானையோடுகள், தறி எடைகள் மூன்று. சேகரிப்பறைக்குப் போகும் பெட்டிகளின் மேல் கட்ட எண்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம்.

பெரியவர் டிராக்டரிலிருந்து இறங்கிவந்து, “உங்கள் வீடு எங்கே இருந்தது?” என்று கேட்டார். இடத்தைக் குறிக்க நட்ட அடையாளக் கொடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. நான் நடந்துபோய் நான்கு மூலைகளையும் நின்று காட்டினேன். தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அந்த இடத்துக்கு வந்தபோது வண்டியின் வேகத்தைக் குறைத்தார், கருவியைத் தூக்கவில்லை. அங்கேயும் கோதுமை விழுந்தது.