வேப்பேரி ஹாஸ்டல், மெட்ராஸ், 1942

பிப்ரவரி 16, திங்கள்

சிங்கப்பூர் போச்சு. நேத்தே சரண்டராம். காலைலேர்ந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல என் டிரங்க் போர்டுல ஒரு லாம்ப் அணையல, எல்லாருக்கும் அர்ஜென்ட் கால் வேணும். வயரை மாத்தி மாத்தி சொருகி விரல் நுனி எல்லாம் எரியுது. ரங்கூனுக்கு மட்டும் யாரும் கேக்கல, கேட்டாலும் நான் என்ன செய்ய முடியும்.

பிப்ரவரி 20

லெட்டர் இல்ல.

பிப்ரவரி 27, வெள்ளி

ரங்கூன்லேர்ந்து அவர் போட்ட கடைசி லெட்டர எடுத்து படிச்சேன், இனி மடிச்சா கிழிஞ்சிரும். டிசம்பர் 23 குண்டுக்கப்புறம் ஹார்பர் கூலிங்க எல்லாம் ஊரைவிட்டு ஓடிட்டாங்க, ஆபீஸ் கிளார்க்குங்களே மூட்டை இறக்குறோம், ஷூ அடி பிஞ்சு தொங்குது, ஸ்காட் மார்க்கெட் தெறந்ததும் வேற வாங்கணும்னு எழுதியிருக்கார். மார்க்கெட் தெறந்துச்சா? எனக்கு வேற எதுவும் தோண மாட்டேங்குது, குண்டு, நெருப்பு, ஜப்பான்காரன் எல்லாம் ரெண்டாவது, அவர் ஷூ வாங்கிட்டாரா இல்லையா அது தெரிஞ்சா போதும். டாலிகிட்ட சொன்னா சிரிப்பா. அவளுக்கென்ன, அவ ஏர்ஃபோர்ஸ் பையன் சனிக்கிழமையானா டான்ஸுக்கு கூட்டிட்டுப் போறான்.

மார்ச் 9

ரங்கூனும்.

மார்ச் 14, சனி

டூட்டி முடிஞ்சு டிராம்ல நேரா சென்ட்ரல். கல்கத்தா மெயில் வந்ததும் பர்மாவுலேர்ந்து வந்தவங்கள பிளாட்பாரத்துல உக்கார வச்சு கஞ்சி ஊத்துறாங்க. ஒரு அம்மா, மூணு பிள்ளைங்க, புருஷன் வரல. ஆம்பளைங்களுக்கு கப்பல்ல டெக் டிக்கெட் தர மாட்டேன்னுட்டாங்களாம், துறைமுகத்துல வேலைக்கு ஆள் வேணும்னு. அப்புறம் அவங்க நடந்துதான் வரணுமாம், புரோம், தவுங்கூப் கணவாய், அக்கியாப், அங்கேர்ந்து படகுல சிட்டகாங். வழி பூரா காலராவாம். பக்கத்துல ஒரு பெரியவர், ரெண்டு கால்லயும் சாக்கு சுத்தி சணல் போட்டு கட்டியிருக்கார், சணல் சதைக்குள்ள போயிருக்கு. அவர் காலையே பாத்துட்டு நின்னுட்டு வந்துட்டேன். யார் பேரையும் கேக்கல.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

காலை டூட்டி, கோயிலுக்குப் போகல. கொழும்புல இன்னைக்கு குண்டு.

ஏப்ரல் 6

விசாகப்பட்டணம். காக்கிநாடா. அடுத்தது நம்மதான்னு டிராம் கண்டக்டர் சாதாரணமா சொல்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

பட்டணம் காலியாகுது. இங்க வேலையில்லாதவங்க வெளியேறலாம்னு சர்க்காரே சொல்லியாச்சு, ஹைகோர்ட்டே கோயமுத்தூருக்குப் போகுதாம். எழும்பூர் ஸ்டேஷன்ல ஜன்னல் வழியா பிள்ளைங்கள தூக்கி உள்ள போடுறாங்க. ஹாஸ்டல் சமையக்காரம்மா போயாச்சு, நாங்களே ரசம் வைக்கிறோம், நல்லாவே இல்ல. அம்மா கடுதாசி: ஏட்டி, சம்பளமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பாளையங்கோட்டைக்கு வந்து சேரு, வாத்தியார் மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஈஸ்டர் முடிஞ்சு பதில் கேக்காங்க. நான் எழுதிட்டேன், டெலிபோன் எசென்ஷியல் சர்வீஸ்மா, ஆர்டினன்ஸ் இருக்கு, விட்டுட்டு வந்தா கேஸ் போடுவாங்கன்னு. பொய் ஒண்ணுமில்ல. ஆனா ஆர்டினன்ஸ் இல்லேன்னாலும் போயிருக்க மாட்டேன், அவருக்குத் தெரிஞ்ச அட்ரஸ் இந்த ஹாஸ்டல் ஒண்ணுதான்.

ஏப்ரல் 17

பீப்பிள்ஸ் பார்க் உயிர்காலேஜ்ல சிங்கம், புலி எல்லாத்தையும் சுட்டுட்டாங்களாம், குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துருமேன்னு. மலபார் போலீஸ் வந்து சுட்டாங்களாம். டாலி அழுதுட்டே இருந்தா. அவ ஏர்ஃபோர்ஸ் பையன எங்கேயோ மாத்திட்டாங்க, எந்த ஊர்னு சொல்லக்கூடாதாம். சிங்கத்துக்கு அழுதாளா அவனுக்கு அழுதாளான்னு நான் கேக்கல, மல்லிகை வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவரைப் பாத்த ஒருத்தர்!! ரங்கூன் மொகல் தெருவுல கணக்குப்பிள்ளையா இருந்தவர், சென்ட்ரல்ல பிடிச்சேன். பிப்ரவரி கடைசியில ஆபீஸ் பெட்டிங்களோட மண்டலே ரயில் ஏறினாராம், நல்லாத்தான் இருந்தாராம். கால்ல என்ன போட்டிருந்தார்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, அதையெல்லாம் யாரும்மா பாத்தான்னார். நீங்க அவருக்கு யாரும்மான்னும் கேட்டார். சொந்தம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல, ரங்கூன் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இங்க ஹார்பர் ஆபீஸ்லேர்ந்து டிரங்க் கால் கேட்டவர், நான் நம்பர் ப்ளீஸ்னா அவர் குட்மார்னிங்னு சொல்லிட்டுத்தான் நம்பரே சொல்வார், முகத்த பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே குரல் தெரியும்னா?

பெரிய வெள்ளிக்கிழமை மண்டலே எரிஞ்சிருக்கு. பேப்பர்ல பாத்தது இப்பதான் உறைக்குது.

மே 6

மண்டலேயும் ஜப்பான்காரன் கைக்குப் போயி நாலஞ்சு நாளாச்சு. இனி காட்டு வழிதான், தாமு, இம்பால். வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, நம்மாளுக்கு ஒரு பாதையாம், தண்ணி, கூடாரம் எல்லாம் வெள்ளைக்காரன் பாதையிலயாம். நாள் முழுக்க அவங்களுக்குத்தான் லைன் போட்டுக் கொடுக்கேன். வயிறு எரியுது.

மே 7

அங்க மழை ஆரம்பிச்சிருக்கும்.

மே 15, வெள்ளி

கல்கத்தா கால் வந்தா சட்டுனு ஒட்டுக் கேக்குற கீயை மேல தள்ளி மூட முடியல, ஒரு குரல் கேட்டுட்டு அப்புறம்தான் தள்ளுறேன். சூப்பர்வைசர் அம்மா பின்னாடி நின்னு பாத்திருக்காங்க. இன்னொரு தடவை ஒட்டுக் கேட்டா சீட்டு கிழிஞ்சிரும்ங்கிறாங்க. கிழியட்டும்.

மே 29, வெள்ளி

கார்டு வந்திருக்கு. ஸ்டாம்ப் மணிப்பூர் ரோடு, அசாம் பக்கத்து ரயில் ஸ்டேஷன். இங்கிலீஷ், கையெழுத்து அவருது இல்ல, கேம்ப் ஆஸ்பத்திரியில யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. கால்ல புண், காய்ச்சல், கல்கத்தாவுக்கு அனுப்புவாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாது. கீழ குட்மார்னிங். அத மட்டும் அவரே எழுதியிருக்கார், கோணல் மாணலா.

ராத்திரி பூரா தூங்கல, டாலியையும் தூங்க விடல.

மே 30

லீவு கேட்டேன். பேப்பர படிக்காமயே திருப்பிக் கொடுத்துட்டாங்க, எசென்ஷியல் சர்வீஸ், ஆர்டினன்ஸ் தெரியும்ல. தெரியும், நல்லாவே தெரியும். டாலி தன் டூட்டியோட மாத்திக்கலாம்ங்கிறா, மிஞ்சிப்போனா ரெண்டு நாள் கிடைக்கும், போய்ச் சேரவே அது பத்தாது. போனா வேலை போகும், கேஸும் வரும். அம்மாவுக்கு என்னன்னு எழுத? டாலி முப்பது ரூபா தரேன்னிருக்கா. திங்கக்கிழமை பேட்டா கடையில எட்டாம் நம்பர் கிடைக்குமான்னு பாக்கணும், கால் வீங்கியிருந்தா ஒன்பதா