பெட்டகத்துக்குள் துப்பாக்கிகளை நிமிர்த்தி நிறுத்தியது

பின்வரிசையிலிருந்து பாயின்ட் 22 ரைஃபிளை எடுத்தபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்மேல் சாய்ந்திருந்த ரைஃபிள் சரிந்து, அதன் போல்ட் (தோட்டா அறையைத் திறந்து மூடும் பாகம்) கைப்பிடி அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக் கட்டையில், அதாவது தோளில் அணைக்கும் மரப்பாகத்தில், இடித்துவிட்டது. வால்நட் மரம். ஒரு அரிசி நீளத்துக்குப் பள்ளம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் கட்டைவிரலால் தடவினால் தட்டுப்படும். அப்பா முப்பது வருஷம் வைத்திருந்தபோது படாத அடி என் பெட்டகத்துக்குள் பட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரல் விட்டு, காலி என்று உறுதி செய்த பிறகுதான் தரையில் விரித்த கம்பளியில் படுக்க வைத்தேன். தோட்டாக்கள் எப்போதும் வேறொரு பூட்டிய பெட்டியில்தான் இருக்கும். என்னிடம் இருப்பவை ஏழு: ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிய போல்ட் ஆக்‌ஷன் நான்கு, பாயின்ட் 22 ஒன்று, பம்ப் ஷாட்கன் ஒன்று, அப்பாவின் 12 போர் இரட்டைக்குழல். பெட்டகத்தின் கதவில் '14 துப்பாக்கிகள்' என்று ஒட்டியிருக்கிறது. ஏழுக்கே இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

டேப்பை எடுத்து அளந்ததும் காரணம் புரிந்தது. பேரலின் (குண்டு வெளியேறும் குழல்) தடிமன் 2 செ.மீ. கட்டையின் அடிப்பாகம் 4½ செ.மீ. அந்தப் பதினான்கு என்ற எண் இந்த இரண்டை மட்டும் பார்த்துப் போட்டது. என் ரைஃபிளில் ஸ்கோப்பின் முன்கண்ணாடிக் குழல் மட்டுமே 5½ செ.மீ. அகலம். போல்ட் கைப்பிடி நடுக்கோட்டிலிருந்து 6 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு ரைஃபிளுக்குத் தரையில் 5 செ.மீ. போதும், இடுப்பு உயரத்தில் 10 செ.மீ. வேண்டும். தரையை அளந்து இடம் ஒதுக்கினால் மேலே முட்டத்தான் செய்யும்.

முதலில் செய்து பார்த்தது வழக்கமான முறைதான். பின்சுவரில் பள்ளம் வெட்டிய ஃபோம் பட்டை, அதில் பேரலைச் சாய்த்து வைப்பது. பெட்டகத்தோடு வந்த பட்டையில் பள்ளங்கள் மிக நெருக்கமாக இருந்ததால், 18 மி.மீ. பிளைவுட்டில் புதிதாக ஒன்று வெட்டி, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஃபோம் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சாய்வு அப்படியே இருந்ததால் ஸ்கோப்புகள் சுவர்ப்பக்கம் தள்ளி நின்றன. முன்வரிசைக்குப் பிடிமானமே இல்லை. பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருக்கும் மூன்றை எடுத்தாக வேண்டும். ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை, மறுநாளே கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் அட்டை யோசனை வந்தது. ஒவ்வொரு துப்பாக்கியையும் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று, கைப்பிடி, ஸ்கோப் எல்லாம் சேர்த்து அட்டையில் வரைந்து வெட்டினேன். பெட்டகத்தின் உள்தரை 48-க்கு 36 செ.மீ. அதே அளவுக்கு ஒரு சார்ட் பேப்பரில் கோடு போட்டு, ஏழு அட்டைகளையும் அதில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கனமான இரும்பைத் தூக்கித் தூக்கி வைக்காமல் ஒரு மணி நேரத்தில் இருபது விதம் பார்த்துவிடலாம். யாராவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அட்டைகளை வைத்துப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, துப்பாக்கி செங்குத்தாக நின்றால்தான் தரையின் நடுப்பகுதி பயன்படும். இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ரைஃபிள்களில் ஒன்றை 7 செ.மீ. உயர்த்தினால் ஒன்றின் போல்ட் கைப்பிடி மற்றதன் ஸ்கோப்பில் இடிக்காமல் அதன் கீழே இருக்கும் இடைவெளிக்குள் போய்விடும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ரைஃபிள்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தேன். கட்டையின் மேல் நான்கு ஓரத்திலும் 1 செ.மீ. உயரத்துக்கு வரம்பு ஒட்டியிருக்கிறேன், அடிப்பாகம் வழுக்கிவிடக் கூடாதே. இந்த உயரம் மாற்றும் வேலை மட்டுமே எனக்கு 8 செ.மீ. அகலத்தை மிச்சப்படுத்தியது.

சரி, செங்குத்தாக நிற்க மேலே எது பிடிப்பது? இதற்கென்றே ரைஃபிள் ராட் என்று விற்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் கம்பி, பேரலின் வாய்க்குள் கொஞ்சம் இறங்கும், மேல் முனையில் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் இருக்கும். மேல்தட்டின் அடியில் துணிப் பக்கம் ஒட்டியிருந்தால் அதில் பிடித்துக்கொள்ளும். நான் நைலான் கம்பி வாங்கி வெட்டிச் செய்தேன். பாயின்ட் 22-இன் துளை சுமார் 5½ மி.மீ., அதற்கு 5 மி.மீ. கம்பி. 30 காலிபருக்கு 7 மி.மீ. ஷாட்கனுக்கு 16 மி.மீ. கம்பி. முதலில் மரக்கம்பு போடலாம் என்று நினைத்தேன், வேண்டாம் என்று விட்டேன். சிலும்பு உள்ளே உடைந்து நின்றால் எடுப்பது கஷ்டம். முனையை நன்றாக உருட்டித் தேய்த்தேன். பேரலின் வாய் விளிம்பில் கீறல் விழுந்தால் குறி பாதிக்கும், அந்த இடத்தில் அலட்சியமே கூடாது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கம்பி பேரலுக்குள் தங்கிவிட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும். அதனால் எந்தக் கம்பியும் முழுதாக உள்ளே போய்விடாத நீளத்தில்தான் வெட்டினேன், குறைந்தது 12 செ.மீ. வெளியே நிற்கும். எல்லாவற்றுக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம். துப்பாக்கி வெளியே வரும்போது கம்பி உள்தட்டில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். கம்பியை மாட்டும்போதும் போல்ட் திறந்தே இருக்கும்.

முதல் வாரம் நன்றாக நின்றன. எட்டாம் நாள் கதவைத் திறந்தால் பாயின்ட் 22 பக்கத்து ரைஃபிள்மேல் சாய்ந்திருந்தது. தட்டின் அடியில் ஏற்கெனவே இருந்த கம்பளத்துணி மழமழவென்று இருந்ததால் கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை. பசையோடு வரும் வெல்க்ரோவை அதன்மேல் ஒட்டிப் பார்த்தேன், மூன்று நாளில் மூலையிலிருந்து உரிந்து தொங்கியது. கடைசியில் தட்டை வெளியே எடுத்து, 6 மி.மீ. பிளைவுட்டில் வெல்க்ரோவின் துணிப் பக்கத்தை முழு அகலத்துக்கும் விரித்து, ஸ்டேப்ளர் ஊசி அடித்து, அந்தப் பலகையைத் தட்டோடு திருகினேன். பெட்டகத்தின் சுவரில் மட்டும் எங்கும் துளை போடவில்லை. சுவருக்குள் இருப்பது ஜிப்சம் பலகை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதோடு பிணைந்திருக்கும் தண்ணீர். தீப்பிடித்தால் அது ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால்தான் உள்ளே சூடு மெதுவாக ஏறுகிறது. அந்தக் காப்பில் நானே ஓட்டை போடுவானேன்?

இன்னொன்று. தட்டு வெறும் நான்கு கிளிப்பில் உட்கார்ந்திருந்தது. கம்பி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தட்டையே மேலே தூக்கிவிடும், பக்கத்துக் கம்பிகள் விட்டுப்போகும். ஒவ்வொரு கிளிப்பிலும் தட்டைச் சின்னக் கம்பிக்கட்டு போட்டு இறுக்கிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்பாவின் துப்பாக்கியை மட்டும் வேறு மாதிரி வைக்க நினைத்தேன். பழைய இரட்டைக்குழல்களில் எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே வடிந்து, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறும். வருஷக்கணக்கில் ஊறினால் மரம் கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். இதிலும் அந்த இடம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கிறது. அதனால் வாய் கீழாக, வலது மூலையில் நிறுத்தினேன். அடியில் கம்பளி வட்டம் ஒன்று வைத்தேன், மென்மையாக இருக்கட்டும் என்று. ஒரு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் வாய் விளிம்பில் மெல்லிய பழுப்பு வளையம். கம்பளி ஈரத்தை இழுத்து இரும்போடு சேர்த்து வைத்திருந்தது. நல்லவேளை, எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்ததும் போய்விட்டது. இப்போது அடியில் இருப்பது தண்ணீரை உறிஞ்சாத பாலிஎத்திலீன் ஃபோம். தோல் உறை, துணி உறை எதையும் உள்ளே வைப்பதில்லை, அவையும் இதே வேலையைத்தான் செய்யும்.

அந்த வளையத்தைப் பார்த்த பிறகுதான் ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்தேன். 64 சதவீதம் காட்டியது. பெட்டகத்தில் ஏற்கெனவே மின்கம்பிக்கு விட்டிருந்த துளை வழியாக ஒயரைக் கொண்டுவந்து, தரையோரமாகச் சூடேற்றும் குழாய் ஒன்றை வைத்தேன். சூடான காற்று மேலே ஏறும், அதனால் அது கீழேதான் இருக்க வேண்டும். கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று. இப்போது 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிறது. இன்னும் குறைக்க ஆசைப்படவில்லை, ரொம்ப வறண்டால் துப்பாக்கிக் கட்டையின் மரத்தில் விரிசல் விழும். செங்குத்தாக நிறுத்தியதில் எதிர்பாராமல் கிடைத்த நன்மையும் இதுதான்: ஒன்றையொன்று தொடாததால் எல்லாவற்றைச் சுற்றியும் காற்று போய்வருகிறது.

இது மூன்றாவது மாதம். பின்வரிசையின் இடது ஓரத்து ரைஃபிளை நேற்று எடுத்தேன். கம்பியைத் தட்டிலிருந்து பிரித்து, பேரலிலிருந்து உருவி, மறுபடி தட்டில் ஒட்டிவிட்டு, இரண்டு கையாலும் நேராகத் தூக்கி முன்னால் கொண்டுவந்தேன். மற்ற ஆறும் அசையவில்லை. ஒற்றைக் கையால் எடுக்க முடியாது, அதை நான் குறையாக நினைக்கவில்லை.

பம்ப் ஷாட்கனின் கம்பி இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. 16 மி.மீ. கம்பியில் இரண்டு இடத்தில் ரப்பர் வளையம் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கட்டையில் விழுந்த அந்தப் பள்ளத்துக்கு, ஈரத்துணி போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை லேசாகத் தொட்டால் அமுங்கிய மர இழை நீராவியில் எழும்பி வரும். வேண்டாத வேறொரு வால்நட் துண்டில் ஆணித்தலையால் அதே மாதிரி பள்ளம் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பள்ளம் முக்கால்வாசி எழும்பிவிட்டது. முழுதாக எழும்பிய பிறகுதான் அப்பாவுடையதைத் தொடுவேன்.