பசுமைப் பொருளாதாரக் கேள்விகள்: செலவு யார் தலையில் என்பதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

யுபிஎஸ்சி மெயின்ஸில் ஜிஎஸ்-3 (மூன்றாம் பொது அறிவுத் தாள்), கட்டுரைத் தாள், அரசியல் அறிவியல் விருப்பப் பாடம் ஆகிய மூன்றிலும் தலைகாட்டும் பகுதி இது. ஆனாலும் பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. 1987-ம் ஆண்டின் நிலைத்த வளர்ச்சி வரையறை, ஐ.நா.வின் 17 இலக்குகள், நன்மைகள், சவால்கள், முன்னோக்கிய வழி என்று வரிசையாக வரும். 150 சொல் விடையில் வரையறைக்கே 40 சொல் போய்விடும். கேள்வியோ மாறுபட்ட அணுகுமுறைகளைப் பற்றிக் கேட்டிருக்கும். அணுகுமுறைகள் எங்கே மோதுகின்றன, ஏன் மோதுகின்றன என்பது விடையில் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதியும் நடுத்தர மதிப்பெண்தான்.

அணுகுமுறைகளை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். மாசுக்கு விலை வைப்பது, அரசு பணம் போட்டுப் பசுமைத் தொழிலை வளர்ப்பது, சட்டம் போட்டுத் தடுப்பது, உற்பத்தி நுகர்வின் அளவையே குறைப்பது. இவற்றின் மேல் உடனே வலதுசாரி, இடதுசாரி என்று முத்திரை குத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008-ல் கார்பன் வரியைக் கொண்டுவந்தது சற்றே வலதுசாரியான பி.சி. லிபரல் கட்சி. இடதுசாரிச் சார்புள்ள புதிய ஜனநாயகக் கட்சி (என்.டி.பி.) 2009 தேர்தலில் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பின்னாளில் அதே கட்சி வரியை ஏற்று நடத்தியது, 2025 ஏப்ரலில் அதன் ஆட்சியிலேயே நுகர்வோர் கார்பன் வரி நீக்கவும்பட்டது. சித்தாந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த வரலாறு புரியாது.

ஒவ்வொரு கொள்கையையும் நான்கு கேள்விகளால் சோதித்துக் குறிப்பெடுங்கள். செலவை யார் சுமக்கிறார்? அது எந்த பில்லில் கண்ணுக்குத் தெரிகிறது? வரும் பணம் எங்கே போகிறது? அடுத்த ஆட்சி அதை எவ்வளவு எளிதாக நீக்கலாம்? ஒரு நாட்டுக்கு அரைப் பக்கம் போதும்.

முதலில் படிக்க வேண்டியது சுவிட்சர்லாந்து. இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே நாட்டு வாக்காளர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். 2021 ஜூன் 13-ல் வாக்கெடுப்புக்கு வந்த சட்டம் வெப்ப எரிபொருள் மீதான கார்பன் தீர்வையின் உச்ச அளவை உயர்த்தவும், விமானப் பயணச்சீட்டுக்குக் கட்டணம் வைக்கவும் முனைந்தது. பெட்ரோல் விலையும் கூடும் என்ற பேச்சு எழுந்தது. 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2023 ஜூன் 18-ல் வந்த சட்டம் 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற கடினமான இலக்கை வைத்தது. ஆனால் புதிய வரி எதுவும் இல்லை. பழைய எண்ணெய், எரிவாயு வெப்பக் கருவிகளை மாற்ற பத்தாண்டுகளுக்கு 200 கோடி பிராங்க் உதவி இருந்தது. 59.1 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறை இரண்டு ஆண்டில் திடீரென வளர்ந்துவிடவில்லை. மாறியது செலவு தெரியும் இடம். ‘சந்தை வழியா, அரசு முதலீடா’ என்ற எந்தக் கேள்விக்கும் இந்த ஜோடி உதவும்.

அடுத்தது கனடா. கூட்டாட்சி எரிபொருள் கட்டணம் 2019-ல் ஒரு டன் கார்பன் உமிழ்வுக்கு 20 கனடிய டாலரில் தொடங்கி 2024 ஏப்ரலில் 80 டாலரானது. வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. பொருளியல் பாடப்படி இது வெற்றி பெற்றிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அது பூஜ்யமாக்கப்பட்டது. பெருந்தொழில்களுக்கான கார்பன் விலை மட்டும் நீடித்தது. காரணம் தேடினால் இரண்டு தெரிகின்றன. ஒன்று, கட்டணத்தைப் பெட்ரோல் பங்கில் வாராவாரம் கண்ணால் பார்க்கிறார்கள். திரும்பி வரும் தொகையோ முதலில் ஆண்டுக்கொருமுறை வருமான வரிக் கணக்கோடு, 2022 முதல் காலாண்டுக்கொருமுறை வங்கியில் சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டு, 2023 அக்டோபரில் வீட்டு வெப்ப எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு அறிவித்தார்கள். அதனால் அதிகம் பயன்பெற்றது அட்லாண்டிக் மாகாணங்கள். ‘அவர்களுக்கு விலக்கு என்றால் எங்களுக்கு ஏன் இல்லை’ என்று மற்ற மாகாணங்கள் கேட்டபின் கொள்கையின் நியாயமே ஆட்டம் கண்டது. இதன் பக்கத்தில் பிரான்ஸை ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள்: 2018-ல் டன்னுக்கு 44.60 யூரோ கார்பன் வரி, நவம்பரில் மஞ்சள் சட்டைப் போராட்டம், 2019-க்கான உயர்வு கைவிடல். அங்கே பணம் மக்களுக்குத் திருப்பித் தரப்படவில்லை என்பதுதான் கனடாவோடு உள்ள வேறுபாடு. இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்கி எழுதுவது பொதுவான பிழை.

இதை வைத்து ‘வரி தோற்கும், மானியம் ஜெயிக்கும்’ என்று முடிவெழுதிவிடாதீர்கள். அமெரிக்காவின் 2022 பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் பசுமைப் பகுதி பெரும்பாலும் வரிச்சலுகைகளால் கட்டப்பட்டது. செனட்டில் 51-50 என்று தேறியது. அதில் வந்த தொழிற்சாலை முதலீட்டின் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்கே போனது. அதனால் யார் வந்தாலும் சட்டத்தைத் தொடமாட்டார்கள் என்று பலரும் கணித்தார்கள். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. மின்வாகனங்களுக்கான 7,500 டாலர் வரிச்சலுகை அந்தச் செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. ஜெர்மனியில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2000-ம் ஆண்டுச் சட்டம் காற்றாலை, சூரிய மின் உற்பத்தியாளர்களுக்கு 20 ஆண்டு நிலையான விலை தந்தது. அந்தச் செலவு வீட்டு மின் பில்லில் தனிக் கட்டணமாக ஏறி, 2017-ல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் ஆனது. 2022 ஜூலையில் அதை பில்லிலிருந்து எடுத்து அரசு நிதிக்கு மாற்றினார்கள். 2023 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த நிதிக்கு மாற்றப்பட்ட 6,000 கோடி யூரோ கடன் அனுமதியை ரத்து செய்தது. சுமை இடம் மாறியது, தீரவில்லை.

இந்தியப் பகுதியில் பலரும் தவறவிடும் வைரம் நிலக்கரி செஸ் என்ற கூடுதல் வரி. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய், 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400. தூய்மை ஆற்றல் நிதிக்கென்று தொடங்கியது, 2017-ல் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் ஆகி, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த செஸ் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாகியது. ‘பணம் எங்கே போகிறது’ என்ற மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கூர்மையான இந்திய எடுத்துக்காட்டு கிடையாது. கூடவே 2012-ல் தொடங்கிய, தொழிற்சாலைகளுக்கு ஆற்றல் சேமிப்பு இலக்கு வைக்கும் பாட் (PAT) திட்டத்தையும், 2022 சட்டத்திருத்தத்தின்படி 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தையும் படியுங்கள். 2005-ல் தொடங்கிய ஐரோப்பிய உமிழ்வு வணிகத்தில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு உண்டு. இந்தியத் திட்டம் ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற செறிவை அளக்கிறது. உற்பத்தி கூடினால் மொத்த உமிழ்வும் கூடலாம். இந்த ஒரு வரியை எழுதினாலே விடை தனித்துத் தெரியும். இறக்குமதிப் பொருளின் உமிழ்வுக்கு விலை வைக்கும் ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரி பற்றிய கேள்விக்கும் இங்கிருந்தே பாதை போகிறது.

சட்ட வழிக்கு, சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் அரசியல் சட்டப் பிரிவுகள் 48ஏ, 51ஏ(ஜி) இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, 2024-ன் ரஞ்சித்சிங் வழக்கைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையை 14, 21-ம் பிரிவுகளில் உச்ச நீதிமன்றம் கண்டது. அதே தீர்ப்பில், கானமயில் வாழும் பகுதிகளில் சூரிய மின்சாரம் கொண்டுசெல்லும் மின்கம்பிகளைப் பரவலாகப் புதைக்கச் சொன்ன தன் பழைய உத்தரவைத் தளர்த்தியது. பசுமைக்கும் பசுமைக்கும் இடையிலான மோதல் இது.

நான்காவதான வளர்ச்சிக் குறைப்பு அணுகுமுறைக்கு எல்லாரும் ஐரோப்பியப் பெயர்களையே தேடுகிறார்கள். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி, எண்ணெய் போன்று எடுக்க எடுக்கத் தீரும் இருப்பின் மேல் நிற்கும் பொருளாதாரம் போட்டிக்கும் வன்முறைக்கும் இட்டுச்செல்லும் என்றார். தீராமல் மீண்டும் மீண்டும் ஓடிவரும் வளங்களைச் சார்ந்ததே நிலைக்கும் என்றார். அதோடு எதிர்வாதத்தையும் வையுங்கள்: நுகர்வே போதாத குடும்பங்கள் உள்ள நாட்டில் யாருடைய நுகர்வைக் குறைப்பது?

எண்களில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி 2025-ல் புதைபடிவமல்லாத ஆதாரங்களுக்கு வந்தது. மின் ‘உற்பத்தி’யில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியே. 2005-2019 காலத்தில் 33 சதவீதம் குறைந்தது ஜிடிபியின் உமிழ்வுச் செறிவுதான். மொத்த உமிழ்வு கூடித்தான் இருக்கிறது. சொல்லை மாற்றி எழுதினால் தகவலே பொய்யாகிவிடும்.

நேரக் கணக்கு: ஜிஎஸ் தாளில் 20 கேள்விகள், 180 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்கு 7, 15 மதிப்பெண் கேள்விக்கு 11 நிமிடம். 250 சொல்லில் மோதலை நேரடியாகச் சொல்லும் தொடக்கம் 30, ஒரு வெளிநாட்டு ஜோடி 80, இந்தியா 90, உங்கள் தீர்ப்பு 50. தமிழில் எழுதுவோர் வினாத்தாளில் தமிழ் இருக்காது என்பதை மனதில் வைத்து, இருபது முப்பது கலைச்சொற்களை முன்பே முடிவுசெய்து எல்லாப் பயிற்சி விடையிலும் அதையே பயன்படுத்துங்கள். வரி விகிதம், திட்டத்தின் நிலை இரண்டும் அடிக்கடி மாறும்; தேர்வுக்கு முந்தைய மாதம் குறிப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தேதி நிலவரம் என்று எழுதிச் சரிபாருங்கள்.